தனிநிலை வாயுக்கள்

நாம் உட்கொள்ளும் ஒவ்வொரு மூச்சிலும் நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்கு, நம் உடலோடு யாதொரு உறவுங் கொள்ளாது உட்சென்று, சென்றவாறே வெளிவருகின்றது. அதன் பெயர் ஆர்கான். காற்றிலுள்ள கரியமில வாயுவைக் காட்டிலும் அஃது இருபது மடங்குக்கு மேற்பட்டது. இத்துணை மிகுதியாய் இருந்தும், 1894-ஆம் ஆண்டு வரையில் அஃது உளதென்பதை உலகம் அறிந்திலது. ஒரு பொருள் பிறிதொன்றோடு கூடும்போதன்றோ இரசாயன நூலார் கண்ணுக்குப் புலப்படும்? எதனோடுங் கூடாததனைக் காணும் வழி யாது?

கண்டது நிறைகோல். ராலே பிரபு என்பார் நைட்ரஜனை நிறுத்துப் பார்த்தார். காற்றினின்று பெற்றது லிட்டருக்கு 1.2572 கிராம், கூட்டுப்பொருள்களினின்று பெற்றது 1.2505 கிராம். இருநூற்றில் ஒரு பங்களவே வேற்றுமை. வேறொருவராயின் கருவியின் குறையென்று கைவிட்டிருப்பர். அவரோ, 1892-ல் ‘நேச்சர்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, இதற்குக் காரணங் கூறவல்லார் உளரோவென வினவினார். வில்லியம் ராம்சே என்னும் பேராசிரியர், காற்றினின்று பெற்ற அந்த நைட்ரஜனைப் பழுக்கக் காய்ச்சிய மக்னீசியத்தின்மேல் மீண்டும் மீண்டுஞ் செலுத்தினார். நைட்ரஜன் மக்னீசியத்தோடு கூடிவிட்டது; கூட மறுத்த வாயுவொன்று எஞ்சிற்று. 1785-லேயே கேவெண்டிஷ் என்பார் இதனையொத்த ஒரு சிறு குமிழி தம் சோதனையில் எஞ்சியதென்றும், அது நூற்றிருபதில் ஒரு பங்குக்கு மேற்படாதென்றும் எழுதி வைத்திருந்தார். நூறாண்டுக்கு மேலாக அக்குமிழியைப் பொருட்படுத்துவார் இலர். பழஞ்சுவடிகளைப் பயில்வோர்க்கு இத்தகைய செய்தி புதிதன்று.

ஹீலியத்தின் வரலாறு பழைய சென்னை மாகாணத்தைத் தொட்டுச் செல்வது. 1868 ஆகஸ்டு 18-ல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண ஜான்சென் என்னும் பிரெஞ்சு அறிஞர் குண்டூரிலும், சென்னை வானாராய்ச்சி நிலையத்துப் பாக்சன் மசூலிப்பட்டினத்திலும் கருவிகளோடு காத்திருந்தனர். அவ்வாண்டிலேயே சூரியனது ஒளியிற் கண்ட மஞ்சட் கோடொன்று பூமியில் அறியப்பட்ட எத்தனிமத்துக்கும் உரியதன்றென இங்கிலாந்தில் லாக்யர் துணிந்தார். இருபத்தேழு ஆண்டு கழித்து, 1895-ல், யுரேனியக் கனியமொன்றினின்று அதே கோட்டையுடைய வாயுவை ராம்சே வெளிப்படுத்தினார். 1898-ல் அவரும் டிராவர்ஸும் திரவமாக்கிய காற்றினின்று கிரிப்டான், நியான், செனான் என்னும் மூன்றனைப் பிரித்தனர். ஆர்கான் என்பதற்குக் கிரேக்க மொழியிற் சோம்பியிருப்பது என்பது பொருள், கிரிப்டான் மறைந்தது, நியான் புதியது, செனான் அயலது.

நிற்க. மெந்தலேயெவ் 1869-ல் அமைத்த ஆவர்த்தன அட்டவணையில், காணப்படாத சில தனிமங்களுக்கு வெற்றிடம் விடப்பட்டிருந்தது; இவ்வாயுக்களுக்கோ வெற்றிடமும் இல்லை. ஒரு தனிமமன்று, ஒரு பத்தி முழுதுமே விடுபட்டிருந்தது. ஆர்கான் மும்மடங்காய்ச் சேர்ந்த நைட்ரஜனாக இருக்கலாமென்று அவரே ஐயுற்றார். ஆர்கானின் அணு எடை 39.95, பொட்டாசியத்தினது 39.10, எடை வரிசைப்படி ஆர்கான் பின்னே நிற்றல் வேண்டும், குணத்தின்படி முன்னே நிற்றல் வேண்டும். 1913-ல் மோஸ்லி என்னும் இளைஞர், வரிசைக்கு அடிப்படை எடையன்று, அணுவின் எண்ணே என்று காட்டியபின் இச்சிக்கல் அவிழ்ந்தது. குளோரின் 17, ஆர்கான் 18, பொட்டாசியம் 19. குளோரின் ஓர் எலக்ட்ரானைப் பெற விழைவது. பொட்டாசியம் ஒன்றைக் கொடுக்க விழைவது. இடைநிற்கும் ஆர்கான் பெறுதலும் வேண்டாது, கொடுத்தலும் வேண்டாது நிறைந்திருப்பது.

எங்கள் இரசாயனக் கழகத்தார் இவ்வட்டவணையைத் தமிழில் எழுதிச் சுவரில் தொங்கவிடக் கருதி, சொற்களைப் பார்வையிடுமாறு என்னை வேண்டினர். இப்பத்தியின் தலைப்பு பற்றிக் கழகச் செயலாளராகிய நண்பருக்கும் எனக்கும் மூன்று மாலைப்பொழுதுகள் வாதம் நிகழ்ந்தது. அவர் ‘மந்த வாயு’ என்றார். மந்தம் குறையைக் குறிப்பது. நிறைவால் அமைதியுற்றதனை மந்தமென்றல் யாங்ஙனம் பொருந்தும்? ‘அரிய வாயு’ எனின், மூச்சுதோறும் உட்செல்வது எவ்வாறு அரியதாகும்? ‘உயர்குல வாயு’ என்றார் மற்றொருவர்; எர்ட்மான் என்னும் ஜெர்மானியர் 1898-ல் இட்ட பெயரின் கருத்து அது என்பதும் உண்மையே. ஆயினும், பிறரோடு கலவாமையே உயர்குடியின் இலக்கணம் என்னும் கொள்கையால் இந்நாடு பட்டது போதும். அதனைச் சுவரில் எழுதித் தொங்கவிட யான் இசையேன் என்று சற்று உரக்கவே கூறினேன். எதிர்த்து ஒருவரும் பேசவில்லை.

என் உள்ளத்திற்பட்டது ஆய்தவெழுத்து. உயிருமன்று மெய்யுமன்று, நெடுங்கணக்கில் அவற்றின் நடுவே ஒதுங்கி நிற்பது, ‘தனிநிலை’ என்றே அதற்கொரு பெயருண்டு. ஆதலின் ‘தனிநிலை வாயு’ என்றேன். நண்பர் விட்டாரில்லை. 1962-ல் நீல் பார்ட்லெட் என்பார், பிராணவாயுவினின்றே எலக்ட்ரானைப் பறிக்கவல்ல பிளாட்டினம் ஹெக்ஸாஃபுளூரைடு செனானினின்றும் பறிக்குமெனக் கணித்து, செந்நிற ஆவியையும் நிறமற்ற செனானையுங் கலந்து மஞ்சள் நிறத் திண்பொருளொன்றைப் பெற்றதனை எடுத்துக் காட்டி, “தனிநிலை எங்கே போயிற்று?” என்றார். ஆய்தமும் முன்னே குறிலும் பின்னே வல்லினமும் வாய்த்தவிடத்துச் சொல்லில் வந்து ஒலிக்கின்றதே என்றேன். அவர் நகைத்து இசைந்தார்.

‘தனிநிலை வாயுக்கள்’ என்றே இப்பொழுது எழுதியிருக்கின்றோம். எஞ்சியது கடைசிக் கட்டம், 118. 2016-ல் ஒகனெசன் எனப் பெயர் பெற்ற அத்தனிமத்தின் அணுக்கள் சிலவே இதுகாறும் ஆக்கப்பட்டுள்ளன; ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு கூறுக்குள் அவற்றிற் பெரும்பாலன சிதைந்து விடுகின்றன. நம் அறையின் வெப்பத்தில் அது வாயுவாயிராது திண்பொருளாயிருக்கும் என்றும், பிறவற்றோடு எளிதிற் கூடும் என்றுங் கணக்கிடுகின்றனர். வாயுவுமன்று, தனிநிலையுமன்று எனின், எம் தலைப்பின் கீழ் அதனை எங்ஙனம் வைப்பது என்று நண்பர் மறுபடியுங் கேட்கின்றார். அக்கட்டத்தைச் சுண்ணக்கோலால் எழுதி வைத்திருக்கின்றோம்.