பிர்லோவுக்காக ஒரு வழக்கு

2020 ஆகஸ்ட் 8. தொடர்ந்து 9 முறை இத்தாலிய லீக்கை வென்ற யுவெண்டஸ், ஓர் ஆட்டத்திலும் பயிற்சியாளராக இருந்தறியாத ஆந்திரேயா பிர்லோவிடம் அணியை ஒப்படைத்தது. இளையோர் அணிக்கு நியமிக்கப்பட்டே 9 நாள்கள்தாம் ஆகியிருந்தன.

அனுபவம் வேண்டாமா என்றான் நண்பனொருவன். 2006 உலகக்கோப்பை அரையிறுதியின் 119ஆவது நிமிடத்தில் குரோஸ்ஸோவுக்கு அவர் தள்ளிய பந்தைச் சொல்லியே அவன் வாயை அடைத்தோம். 'ரசனை இல்லாதவன்' என்றும் எள்ளினோம்.

இரு கோப்பைகள் கிட்டின, லீக்கிலோ நான்காமிடம். 2021 மே மாதம் பதவி பறிபோயிற்று.

தன் காலறிந்ததைப் பிறர் கால்களுக்குக் கற்பிப்பது வேறு கலை. பிர்லோவின் மீதிருந்த காதலையே நாங்கள் வாதமென்று நம்பியிருந்தோம். நண்பனிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.