வலப்பக்கத்துச் செவி

ஆனி 3
புறச்செவி பிறவியிலேயே முழுமை பெறாமல் சிறுத்துப்போகும் நிலையை மருத்துவர் மைக்ரோட்டியா என்பர். செவித்துளையும் அடைபட்டிருந்தால் அது அட்ரீசியா எனப்படும். மல்லசமுத்திரத்துத் தறிக்காரர் ஒருவரின் வீட்டில் நேற்றுப் பிறந்த பெண்குழந்தையின் வலப்பக்கத்தில் இவ்விரண்டும் சேர்ந்துள்ளன: மடல் இருக்கவேண்டிய இடத்தில் நிலக்கடலையளவு மடிப்பு, அதன் கீழே செங்குத்தாக ஒரு சிறு சோணை. இடப்பக்கத்தில் குறையேதுமில்லை.

ஆனி 4
யாரும் உறங்கவில்லை.

ஆனி 11
கிரகணத்தன்று தாய் வாழைக்காய் நறுக்கியதே காரணம் என்று, பார்க்கவந்த பெண்கள் மூவர் தனித்தனியே கூறிச் சென்றனர். அந்தக் கிரகணம் வந்தது ஐந்தாம் மாதத்தில். காதுமடலோ கருவின் ஐந்தாம் ஆறாம் வாரங்களிலேயே, ஆறு சிறு மேடுகள் எழுந்து ஒன்றுசேர்வதால் உருக்கொள்ளத் தொடங்கிவிடுகிறது. 1950களின் இறுதியில் மேலைநாடுகளில் கருவுற்றோர் உட்கொண்ட தாலிடோமைடு மாத்திரை செவிக்குறைகளையும் விளைவித்தது உண்மையே. ஆயினும் பெரும்பாலான குழந்தைகளில் காரணம் இன்னதென்று புலப்படுவதில்லை. இவ்விளக்கம் வீட்டில் எடுபடவில்லை. தாய் அரிவாள்மனையைத் தொடுவதை விட்டுவிட்டாள்.

ஆனி 26
சேலம். உறங்கும் குழந்தையின் தலையில் மின்முனைகளை ஒட்டி, ஒலிக்கு மூளைத்தண்டு எழுப்பும் மின்னலைகளைப் பதியும் பெரா சோதனை நடந்தது. உட்செவி தனியே வளர்வதாகையால் அது பழுதின்றி இருக்கிறது; ஒலி செல்லும் வழிதான் அடைபட்டுள்ளது. எலும்பின் வழியே ஒலியைச் செலுத்தும் கருவியைத் தலைப்பட்டையில் பொருத்தலாம் என்றும், அமெரிக்க மருத்துவர் டான்சர் 1959இல் விவரித்த முறையின் வழிவந்த, விலாக் குருத்தெலும்பைச் செதுக்கி மடல் அமைக்கும் அறுவைக்குப் பத்து வயதுவரை காத்திருக்க நேரலாம் என்றும் மருத்துவர் விளக்கினார். தந்தை கேட்ட ஒரே கேள்வி காதுகுத்து பற்றியது. அச்சோணை பின்னாளில் புதிய மடலுக்குத் தேவைப்படுமாதலால் அதைத் தொடவேண்டாம் என்பது விடை.

ஆடி 9
தாய்மாமன் தோடு வாங்கி வந்துவிட்டார். ஜோடியாக.

ஆடி 17
விசைத்தறி நான்கும் ஓடுகையில் அடுத்த அறையில் பேச்சே கேட்பதில்லை. இக்குழந்தையின் அண்ணன் இந்த வயதில் பகலில் கண்ணயர்ந்ததே அரிது. இவளையோ தாய், இடக்காது தன் தொடையில் அழுந்தும்படி மடியில் ஒருக்களித்துக் கிடத்துகிறாள். நாடா அடிக்கும் தடதடப்பில் இரண்டு மணிநேரம் உறங்குகிறாள். இப்படிக் கிடத்த யாரும் சொல்லித்தரவில்லை. எழுப்பவேண்டுமானால் அம்மாயி உள்ளங்காலைத் தொடுகிறார்.

ஆடி 18
பெருக்கு நாள், தறி ஓடவில்லை. ஒற்றைத் தோட்டைத் திருப்பித் தரப் போன தாய்மாமன், கடைக்காரரிடம் கேட்காமலே திரும்பி வந்தார்.