தேவையில்லை என்பதும் இயலாது என்பதும்



வைத்தியர் "இப்போது சிகிச்சை தேவையில்லை" என்கிறார். உடன்சென்ற பிள்ளை அதைத் தமிழில் பெயர்க்கிறது. வீடு வந்து சேருமுன் அது "இனி ஒன்றும் செய்ய இயலாதாம்" என்றாகிவிடுகிறது. புலம்பெயர்ந்த நம் குடும்பங்களில் இது அடிக்கடி நிகழ்கிறது. அண்மையில் நம் பங்கின் பெரியவர் ஒருவருக்கும் அவ்வாறே நேர்ந்தது. அவருடைய இசைவுடனேயே இதை எழுதுகிறேன்.

அவருக்கு வந்திருப்பது ஃபொலிகுலர் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய். நெஞ்செரிவுக்காக எண்டோஸ்கோப்பி செய்தபோது, முன்சிறுகுடலில் வெண்ணிறச் சிறு மணிகளாகத் தற்செயலாய்த் தென்பட்டது. இவ்விடத்தில் தோன்றும் இந்நோயை உலக சுகாதார நிறுவனம் 2016இல் தனி வகையாகவே வகைப்படுத்தியது. ஏனெனில் இது மிக மெதுவாக வளர்வது. பெரும்பாலும் குடலைத் தாண்டிப் பரவாதது. ஆகவே தொல்லை தராதவரை குறித்த காலங்களில் சோதித்து அவதானிப்பதே பலருக்கு ஏற்ற வழியாகிறது. ஃபொலிகுலர் லிம்போமா உள்ளவருக்கு அறிகுறி இல்லாதபோதே மருந்தைத் தொடங்குவதால் ஆயுள் நீள்வதாக ஆய்வுகள் காட்டவில்லை. மருந்தின் பக்கவிளைவுகளோ உடனே வந்துவிடும்.

நிலைமை மாறினால் வேறு வழிகள் உண்டு. நோய் ஓரிடத்தில் நின்றால் குறைந்த அளவுக் கதிர்வீச்சு. இல்லையேல் நாளத்தின் வழியே ஏற்றும் ரிட்டுக்சிமாப். பரவியிருந்தால் அதனுடன் கீமோதெரபியும் சேரக்கூடும். குடல் அடைபட்டாலோ துளைபட்டாலோதான் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை. ரிட்டுக்சிமாப் தொடங்குமுன் ஹெப்பற்றைற்றிஸ் பி உள்ளதா என்று இரத்தம் சோதிப்பார்கள். உறங்கிக் கிடக்கும் அக்கிருமியை அம்மருந்து எழுப்பிவிடலாம். ஊரில் இருந்தபோது உங்களுக்குச் செங்கமாரி வந்திருந்தால் மறவாமல் சொல்லுங்கள்.

அடுத்த முறை செல்லும்போது மொழிபெயர்ப்பாளர் ஒருவரை முன்கூட்டியே கேளுங்கள். தந்தையின் புற்றுநோயைப் பெயர்த்துச் சொல்லும் சுமையைப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள். அடுத்த சோதனை எப்போது, எடை குறைந்தால், கறுப்பாய் மலம் போனால், இரவில் உடை நனைய வியர்த்தால் யாரை அழைப்பது என்பதை எழுதி வாங்குங்கள். பார்க்க வருவோர் பப்பாசி இலைச் சாற்றுடன் வருகிறார்களாம். அவருக்கோ 304 ஆட ஒரு கை குறைகிறது!

அவர் நோயில்பூசுதல் கேட்டபோது வீட்டார் அஞ்சினர். "அவஸ்தைப்பூசுதல்" என்ற பழைய பெயர் இன்னும் நம் காதில் ஒலிக்கிறது. இது சாகும் தறுவாயில் உள்ளோருக்கு மட்டும் உரியதன்று என 1963இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாக்கியது. கடும் நோயுற்ற எவரும், அவதானிப்பில் உள்ளவரும்கூட, கேட்கலாம். திருப்பலிக்குமுன் என்னிடம் சொல்லுங்கள், வீட்டுக்கும் வருவேன். சுவாமியார் எண்ணெயோடு வருகிறாரே என்று அயலவர் கேட்டால், தேநீர் குடிக்க வந்தார் என்று சொல்லலாம், அதுவும் பொய்யாகாது.