முகமாலையில் முன்னே போகும் இயந்திரம்

மழை ஓயாத இரத்தினபுரி றப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். ஏ-9 வீதியில் ஆனையிறவையும் பளையையும் தாண்டி முகமாலையில் இறங்கியபோது வேறோர் உலகத்துக்கு வந்ததுபோல் இருந்தது. வெள்ளை மணல், மொட்டை வெயில், ஷெல்லடியில் தலை போன பனைகள். போர்க்காலத்தில் இராணுவமும் விடுதலைப் புலிகளும் ஆண்டுக்கணக்கில் எதிரெதிரே நின்று மிதிவெடி புதைத்த முன்னரங்கு அது. வீதியோரம் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள்.

அப்பால் ஒரு சின்னக் கவச வண்டி நகர்ந்தது. உள்ளே ஆளில்லை. ஸ்லோவாக்கியாவில் செய்த பொஷேனா. முகப்பில் சுழலும் உருளை, அதில் சங்கிலிகள், சங்கிலி நுனியில் இரும்புச் சுத்தியல்கள். நிலத்தை அடித்துக் கிளறிக்கொண்டே போனது. தூரத்தில் நின்ற இளைஞர் ரிமோட் பிடியை அசைக்க, சொன்னபடி திரும்பியது. திடீரென்று டமார்! புழுதி அடங்கியதும் பார்த்தேன், வண்டி தன் பாட்டில் போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்தில் மனிதக் கால் பட்டிருந்தால் என்று நினைத்ததுமே உடம்பு நடுங்கிவிட்டது.

ஆனால் அது அடித்த நிலத்தையும் மனிதர்தான் மறுபடி சோதிக்கிறார்கள். பி-4 வகை மிதிவெடியில் உலோகம் மிகக் கொஞ்சம், டிடெக்டருக்கே எளிதில் அகப்படாது. அதனால் நீளப்பிடி றேக்கால் மண்ணை மெல்ல மெல்ல வாருகிறார்கள். முகக்கவசத்தை உயர்த்திய ஒரு பெண் என் ஊரைக் கேட்டதும் சொன்னார்: "எங்கட தாத்தாவும் இரத்தினபுரியில இறக்குவானைப் பக்கந்தான் அண்ணா. தோட்டத்தில அடிச்சு விரட்டின பிறகு வன்னிக்கு வந்தவர்." 1977இலும் 1981இலும் நடந்த தமிழர் மீதான வன்முறையில் சப்ரகமுவத் தோட்டங்களிலிருந்து உயிர் பிழைக்க ஓடியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மிதிவெடி பொறுக்குகிறார்கள். எனக்குப் பேச்சே எழவில்லை.

மிதிவெடி தேடும் மனிதரின் ஆபத்தைக் குறைக்க வேறு வழிகளும் உண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் திரிஷாந்த நாணயக்கார குழுவினர் 2008 வாக்கில், வெடிமருந்து மணம் பிடிக்கப் பழக்கிய கீரியை நடக்கும் ரோபோவோடு வார்போட்டு இணைத்துப் பார்த்தார்கள். எங்கள் லயத்தில் கோழி தூக்குகிற அதே கீரிதான்! உக்ரைனில் இன்று ட்ரோன் எடுத்த படங்களை வைத்தும் கண்ணிவெடி நிலங்களை வரைபடமாக்குகிறார்கள். அந்த அறிவும் அதற்கான பணமும் இந்த மணலுக்கு இன்னும் தாராளமாக வரவேண்டும்.

இலங்கை 2017 டிசம்பரில், மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. நிலத்தைத் துப்புரவாக்க அது தந்த தவணை 2028 ஜூன் 1. யாழ்ப்பாணம் போகும் நம்மவர்களே, சிவப்புப் பலகையைத் தாண்டிக் கால் வைக்காதீர்கள். பழைய இரும்புதானே என்று எதையும் கையில் எடுக்காதீர்கள்.