கடல் கடந்த மடல்: வேலை எங்கே காத்துக் கிடக்கிறது?

ரொறொன்ரோ

நறுவிலிக்குளத்திலிருந்தும் அயலூர்களிலிருந்தும் வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் கணினி படிக்கப் போன பிள்ளைகளுக்கு,

உங்களில் சிலர் படிப்பை முடித்து, மூன்று நான்கு பேராகச் சேர்ந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று ஊரோடு கதைக்கும்போது அறிகிறேன். மனம் நிறைகிறது. கூடவே ஒரு கவலையும் காதில் விழுகிறது. இரவு பகலாக உழைத்தும் சொன்ன திகதிக்கு வேலை முடிவதில்லை. இன்னும் ஆள் சேர்க்க வேண்டுமோ என்று யோசிக்கிறீர்கள். இந்தத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஆளைத் தேடுவதற்கு முன், வேலை எங்கே காத்துக் கிடக்கிறது என்று தேடுங்கள்.

இதற்கு ஹைதராபாத்தில் நடந்த ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. மைக்ரோசொஃப்ட் தன் உள்ளகப் பயன்பாட்டுக்கு வைத்திருந்த மென்பொருள்களைத் திருத்தவும் மேம்படுத்தவும் அங்கே ஒரு சிறு அணி இருந்தது. நிரல் எழுத மூவர், சோதிக்க மூவர். திறமையில் குறையில்லாதவர்கள். இருந்தும் ஒரு சிறு திருத்தம் கேட்டால் கைக்கு வந்துசேர ஏறக்குறைய ஐந்து மாதம் ஆனது. 2004இல் அந்த அணியின் பொறுப்பை ஏற்ற டிராகோஸ் டுமிட்ரியு, மென்பொருள் மேலாண்மை வல்லுநர் டேவிட் அண்டர்சனின் துணையோடு வேலை போகும் பாதையை வரைந்து பார்த்தார். நிரல் எழுதவும் சோதிக்கவும் பிடித்த நேரம் சொற்பம். மிச்ச நாளெல்லாம் அந்த வேலை வரிசையில் நின்றிருக்கிறது.

ஏன் நின்றது? புதிதாக ஒரு கோரிக்கை வந்தால், அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று 48 மணித்தியாலத்துக்குள் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது அங்கே விதி. எழுதிக்கொண்டிருந்தவர் கைவேலையைப் போட்டுவிட்டு மதிப்பீட்டுக்கு ஓடுவார். அணியின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இதிலேயே கரைந்தது. மதிப்பிட்டவற்றில் பல கடைசியில் செய்யப்படவே இல்லை. ஆகவே மதிப்பீட்டை நிறுத்தினார்கள். ஒரே நேரத்தில் கையில் இருக்கக்கூடிய வேலைக்கு எல்லை வைத்தார்கள். அடுத்து எது என்று மாதம் ஒருமுறை கூடி முடிவெடுத்ததை, இடம் காலியாகும்போது எடுப்பதாக மாற்றினார்கள். நிரல் எழுதும் முறையில் கை வைக்கவில்லை. ஒன்பது மாதத்தில், சுமார் 155 நாள் பிடித்த வேலை சுமார் 14 நாளில் முடிந்தது. மென்பொருள் உலகில் இன்று ‘கான்பன்’ என்று வழங்கும் முறைக்கு வித்திட்ட அனுபவங்களில் இது முதன்மையானது.

கையில் உள்ள வேலைக்கு எல்லை வைப்பதை நம் ஊரவருக்கு விளக்கத் தேவையில்லை. சிறுபோகத்துக்கு முன் கமக்காரரும் அதிகாரிகளும் கூடி, கட்டுக்கரைக்குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று தீர்மானிக்கிறார்கள். தண்ணீருக்கு மிஞ்சி விதைத்தால் எல்லா வயலும் வாடும். உங்கள் அணியின் நேரமும் அளந்து பாய்ச்ச வேண்டிய தண்ணீர்தான்.

ஹைதராபாத்தில் கண்டதுபோல, வேலைமுறையைச் சிறிது சிறிதாக, ஓயாமல் திருத்திக்கொண்டே போகும் வழக்கத்தை யப்பானியர் ‘கைசென்’ என்பார்கள். அதற்கு முதலாளியின் செல்வமோ பெரிய இயந்திரமோ தேவை என்று எண்ண வேண்டாம். சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, தொழிலாளர் ஒவ்வொருவரிடமும் யோசனை கேட்டு, தரத்துக்கான டெமிங் விருதை 1998இல் வென்றது. இந்தியாவில் அதை முதலில் பெற்ற நிறுவனம் அதுவே. கொழும்பில் காசல் வீதி மகளிர் மருத்துவமனை, மருத்துவர் விமல் கரந்தகொடவின் தலைமையில் 2000ஆம் ஆண்டு தொடங்கி இந்த வழியில் நடந்தது. அடுக்குவது, துப்புரவாக வைப்பது, பெயர் எழுதி ஒட்டுவது என்று மிகச் சாதாரணமானவற்றில் தொடங்கிய ஓர் அரச மருத்துவமனை அது. பின்னாளில் ஆபிரிக்க நாடுகளின் மருத்துவமனைகளுக்கு யப்பானிய உதவி நிறுவனமான ஜைக்கா அதையே முன்மாதிரியாகக் காட்டியது. வசதி குறைந்த இடத்திலும் இது நடக்கும் என்பதற்கு நம் தீவிலேயே சாட்சி இருக்கிறது.

மென்பொருள் அணிக்கு இதன் உயிர்நிலை, குறித்த இடைவெளியில் கூடி நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் கூட்டம். மென்பொருள் உருவாக்கும் முறை பற்றி 2001இல் பதினேழு பேர் கூடி எழுதிய ‘அஜைல்’ அறிக்கையின் பன்னிரண்டு கொள்கைகளில் கடைசியானது இதுவே. ஆனால் பல இடங்களில் இது சடங்காகிப் போகிறது. யாரால் பிழை வந்தது என்று தேடத் தொடங்கினால், அடுத்த கூட்டத்தில் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். ‘நான் விட்ட பிழை இது’ என்று வயதில் இளையவர் அச்சமின்றிச் சொல்லும் கூட்டமே பயன் தரும். அண்ணன், அக்கா என்று மரியாதை பார்த்துப் பழகிய நமக்கு இது இலகுவல்ல. ஆகவே மூத்தவர்கள் கடைசியாகப் பேசுங்கள். முதலில் இளையவர்கள் சொல்லட்டும்.

திருத்தம் பலித்ததா என்று அளக்கவும் வேண்டும். மென்பொருள் அணிகளை ஆராய்ந்த நிக்கோல் ஃபோர்ஸ்கிரனும் தோழர்களும் 2018இல் வெளியிட்ட நூலில் நான்கு அளவுகளை முன்வைத்தார்கள்: எத்தனை தடவை வெளியிடுகிறீர்கள், எழுதிய நிரல் பயனரைச் சேர எவ்வளவு நேரமாகிறது, வெளியீடுகளில் எத்தனை பழுதாகின்றன, பழுதானால் மீள எவ்வளவு நேரம் பிடிக்கிறது. வேகமும் உறுதியும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை, நல்ல அணிகளில் இரண்டும் சேர்ந்தே வளர்கின்றன என்பது அவர்களின் ஆய்வு முடிவு. இந்த அளவுகள் அணியைப் பற்றியவை. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையோடு ஒப்பிட இவற்றை எடுத்தால், எண்கள் அழகாக இருக்கும், வேலை கெட்டுவிடும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கிழமையே சுவரில் ஒரு தாளை ஒட்டுங்கள். ஒவ்வொரு வேலையும் வந்த நாள், கையில் எடுத்த நாள், முடிந்த நாள் மூன்றையும் எழுதுங்கள். இரண்டு கிழமை கழித்து எல்லோரும் ஒரு மணித்தியாலம் இருந்து, எது அதிக நாள் காத்துக் கிடந்தது என்று பாருங்கள். ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். பலித்தால் வைத்துக்கொள்ளுங்கள், பலிக்காவிட்டால் விட்டுவிட்டு இன்னொன்றை முயலுங்கள். ஆள் சேர்ப்பதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.