அந்த கிளப்புக்கு ஓனர் யாரு?

எங்கள் ஊரில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல்மாடியில் மனமகிழ் மன்றம் ஒன்று இருந்தது. நான் எட்டாவது படித்தபோது அப்பா அங்கே ரம்மி ஆடப் போக ஆரம்பித்தார். முதலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும். அப்புறம் சம்பள நாளன்று. அப்புறம் கையில் காசு இல்லாத நாளிலும். அம்மாவின் இரண்டு வளையல்கள் அடகுக்கடைக்குப் போன மறுநாள், என்னையும் கூட்டிக்கொண்டு அம்மா அந்த மாடிப்படி ஏறினார்.

"இங்க ஓனர் யாருங்க? அவரைப் பார்க்கணும்."

டோக்கன் அடுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "ஓனர்லாம் யாரும் இல்லம்மா. இது சங்கம். மெம்பருங்க சேர்ந்து நடத்துறது. செகரட்டரி வெளியூர் போயிருக்காரு."

மூன்று முறை போனோம். மூன்று முறையும் செகரட்டரி வெளியூரில்தான் இருந்தார்.

போன வாரம் டெஸ்க்கில் எனக்கு ஒரு வேலை வந்தது. வெளிநாட்டு வினோதச் சட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி. தேடிக்கொண்டே போனதில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்துச் சட்டம் ஒன்று கண்ணில் பட்டது. 1997-ல் நிறைவேறி, 1998-ல் நடைமுறைக்கு வந்த சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டம். இரண்டு வரி எழுத வேண்டியவர், இரண்டு மணி நேரம் அதையே படித்துக்கொண்டிருந்தேன். (எடிட்டர் மன்னிக்க!)

அங்கே 'கார்டு ரூம்' என்றால் லாஸ் வேகாஸ் கேசினோ மாதிரி இல்லை. வருகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் சீட்டாடுவார்கள். நடத்துபவர் ஆட்டத்தில் பணம் கட்டக் கூடாது. உட்கார்ந்து ஆடுவதற்குக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். கிட்டத்தட்ட எங்கள் ஊர் மாடி மாதிரிதான்.

ஆனால், 'ஓனர் யாரு?' என்ற கேள்விக்கு அந்தச் சட்டம் சொல்லும் பதில்தான் என்னை நிறுத்திவிட்டது. தனி ஆள் நடத்தினால் அவருக்கு லைசென்ஸ் வேண்டும். கம்பெனி நடத்தினால் கம்பெனி பெயரில் ஒன்று வாங்கிவிட்டுப் போக முடியாது. சில விலக்குகள் போக, அதிகாரிகள், இயக்குநர்கள், பங்கு வைத்திருப்பவர்கள் எல்லோரும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். கூட்டு வியாபாரம் என்றால் ஒவ்வொரு கூட்டாளியும். ஆட்ட வருமானத்தில் இத்தனை சதவிகிதம் என்று பங்கு வாங்குகிறவர் யாராக இருந்தாலும் அவரும். கடன் கொடுத்தவர்கூடத் தப்ப முடியாது. நிர்வாகத்தில் அவர் கை ஓங்கியிருப்பதாக ஆணையம் நினைத்தால் அவருக்கும் லைசென்ஸ் வேண்டும். இத்தனை பேருக்கும் தனித்தனிச் சான்றிதழ் தருவதில்லை. உரிமையாளரின் சான்றிதழிலேயே எல்லோருடைய அனுமதியும் பதிவாகும்.

21 வயது ஆகியிருக்க வேண்டும். பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவருக்குக் கிடையாது. நேர்மையானவர் என்று காட்டும் பொறுப்பும் விண்ணப்பிப்பவருடையதுதான். அப்படியே கிடைத்தாலும் அது சொத்து இல்லை, எப்போது வேண்டுமானாலும் பறிக்கக்கூடிய சலுகை என்று சட்டமே சொல்லிவிடுகிறது. புதிய கார்டு ரூம்களுக்குத் தடை வேறு. 2023-ல் அதை 2043 வரை நீட்டித்துவிட்டார்கள்.

நம் ஊரில் கதை வேறு. 1968-ல் செகந்திராபாத் கிளப் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்றது. சீட்டுக்கும் இடத்துக்கும் கிளப் கட்டணம் வாங்குவதும் தவறில்லை. ஆனால், அதை வைத்து நடத்துபவர் லாபம் பார்த்தால் குற்றமாகலாம். டோக்கன் அடுக்கியவர் ஏன் அவ்வளவு வேகமாக 'ஓனர் யாரும் இல்லை' என்றார் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது.

கலிஃபோர்னியாவில் எல்லாம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. லைசென்ஸில் எத்தனை பெயர் இருந்தாலும் தோற்கிறவர் தோற்கத்தான் செய்கிறார். கார்டு ரூம் வரியை நம்பியே பட்ஜெட் போடும் சிறு நகரங்களும் அங்கே இருக்கின்றன. ஆனால், ஒன்று உண்டு. 'என்னை உள்ளே விடாதீர்கள்' என்று ஆடுபவரே எழுதிக் கொடுக்கலாம். ஓராண்டு, ஐந்தாண்டு, ஆயுள் முழுக்க என்று அவரே காலத்தையும் குறிப்பிடலாம். அப்பா அப்படி எழுதிக் கொடுத்திருப்பாரா? தெரியவில்லை. மன்றம் மூடப்பட்ட பிறகுதான் அவர் நிறுத்தினார். வளையல்கள் திரும்பவில்லை.

அன்று இரவு அம்மாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"அந்த பேப்பர்ல பேரு மட்டும்தான் இருக்குமா, வீட்டு அட்ரஸும் இருக்குமா?"

பின்னால் அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டுவது கேட்டது.