வேப்பம்பூவும் பிறந்த தேதியும்

அகப்பாடலில் வரும் தலைவனுக்கும் தலைவிக்கும் பெயர் கிடையாது. அன்பின் ஐந்திணையில் ஒருவரைச் சுட்டிப் பெயர் கூறுதல் ஆகாது என்பது தொல்காப்பிய அகத்திணையியல் வகுத்த விதி. காதலையும் பிரிவையும் ஊரறியப் பாடலாம். அது இன்னாருடையது என்று மட்டும் ஊர் அறியலாகாது. தனியுரிமை என்ற சொல் தமிழில் புதியது. ஆனால் சொல்லுவதற்கும் அடையாளம் காட்டுவதற்கும் இடையே கோடு கிழிக்கும் வழக்கம் புதியதன்று.

பெயரை நீக்கினால் போதுமா என்ற கேள்வியும் பழையதே. நெடுநல்வாடையின் 188 அடிகளில் பாட்டுடைத் தலைவனின் பெயர் எங்கும் இல்லை. பிரிவில் வருந்தும் அரசி, பாசறையில் நள்ளிரவிலும் உறங்காத அரசன் என்று பாட்டின் உயிர் அகத்திலேயே இருக்கிறது. எனினும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதை அகமாகக் கொள்ளவில்லை. பாசறையில் ஏந்தப்படும் வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருந்தது; வேம்பு பாண்டியரின் அடையாளப் பூ. அந்த ஒரு குறிப்பே தலைவனைக் காட்டிக் கொடுத்துவிட்டது என்பது அவர் வாதம்.

இதே வாதத்தை 1997இல் லதான்யா ஸ்வீனி என்ற அமெரிக்க ஆய்வு மாணவி கணினியைக் கொண்டு நிறுவினார். மாசசூசெட்ஸ் மாநில அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகள் பெயர் நீக்கி ஆய்வுக்கு வழங்கப்பட்டிருந்தன. அவற்றில் பிறந்த தேதியும் பாலினமும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் எஞ்சியிருந்தன. 20 டாலருக்கு வாங்கிய வாக்காளர் பட்டியலோடு அவற்றை ஒப்பிட்டு, அம்மாநில ஆளுநரின் பதிவையே அவர் கண்டெடுத்தார். அம்மூன்று விவரங்களும் சேர்ந்தால் அமெரிக்க மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று 2000இல் அவர் மதிப்பிட்டார். 2006இல் வந்த மற்றொரு மதிப்பீடு அதை 63 விழுக்காடு என்றது. குறைந்த எண்ணை ஏற்றாலும் ஆறுதலுக்கு இடமில்லை.

இந்தியக் கல்விப்புலத்தில் இம்மூன்றையும் தேடித் தொகுக்க வேண்டிய தேவையே இல்லை. பிறந்த தேதி, பாலினம், தந்தை பெயர், நிலையான முகவரி, கைப்பேசி எண் ஆகிய அனைத்தையும் ஒரே பக்கத்தில் எழுதி, அடியில் கையொப்பமும் இட்டு, தன்விவரக் குறிப்பை இணையத்தில் ஏற்றுவது இங்கே வழக்கம். வேலைக்கான படிவம் ஒரு காலத்தில் கேட்ட விவரங்கள் துறைப் பக்கத்திலும் ஆய்வுப் பகிர்வுத் தளங்களிலும் அப்படியே தங்கிவிடுகின்றன. சேர்க்கைப் பட்டியல்களின் நிலையும் இதுவே. பெயர், மதிப்பெண், இட ஒதுக்கீட்டுப் பிரிவு ஆகியவை அடங்கிய கோப்பு தேடுபொறிக்குத் திறந்து கிடக்கிறது. தன் சாதியை யாரிடம், எப்போது சொல்லுவது என்று தீர்மானிக்கும் உரிமையை ஒரு மாணவர் வகுப்பறைக்குள் நுழையும் முன்னரே இழந்துவிடுகிறார். அதன் பிறகு அவர் எத்தனை கணக்குகளைப் பூட்டினாலும் அந்த உரிமை மீள்வதில்லை.

பூட்டுகள் பயனற்றவை என்பது இதன் பொருளன்று. 2020இல் முகநூல் இந்தியாவில் அறிமுகப்படுத்திய சுயவிவரப் பூட்டு, நண்பரல்லாதார் படங்களையும் பதிவுகளையும் காண்பதைத் தடுக்கிறது. குறிப்பாகப் பெண்களுக்கு அது உண்மையான காப்பு. ஆனால் நண்பர் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பள்ளித் தோழியும் சித்தப்பாவும் நெறியாளரும் நாளைய நேர்காணல் குழு உறுப்பினரும் ஒன்றாக அமர்ந்திருக்கிறார்கள். இந்நிலையை ஆலிஸ் மார்விக்கும் டானா பாய்டும் சூழல்களின் சரிவு என்று விளக்கினர். கேட்போருக்கு ஏற்பப் பேச்சை மாற்றுவது மொழியின் இயல்பு. வீட்டில் ஒரு நடை, துறைத்தலைவரிடம் ஒரு நடை, விடுதி அறையில் இன்னொரு நடை. எல்லாக் கேட்போரும் ஒரே திண்ணையில் கூடிவிட்டால் எந்த நடையில் பேசினாலும் யாரோ ஒருவருக்கு அது பிழையாகவே கேட்கும். ஹெலன் நிசன்பாம் தரும் விளக்கம் இங்கே உதவும். தனியுரிமை என்பது தகவலை ஒளித்துவைப்பதன்று. ஒரு சூழலில் சொன்னது அச்சூழலின் நெறிப்படியே பயணிப்பது. மருத்துவரிடம் சொன்னது மருத்துவரிடம் இருக்கும்வரை அது இரகசிய மீறலாகாது. அதுவே அலுவலகத்துக்குப் போனால் மீறல்.

இந்தியச் சட்டம் இவ்வேறுபாட்டைப் பாதியளவே ஏற்றிருக்கிறது. 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில், தனியுரிமையை அடிப்படை உரிமையாக ஒருமனதாக உறுதிசெய்தது. பொது இடத்தில் நிற்பதாலேயே ஒருவர் அவ்வுரிமையை இழப்பதில்லை என்ற கருத்தும் அத்தீர்ப்பில் உண்டு. ஆனால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தரவைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்துகிறது. சமூக ஊடகத்தில் தம் விவரத்தைப் பொதுவாக வெளியிட்டவரையே அதன் 3ஆம் பிரிவு எடுத்துக்காட்டாகத் தருகிறது. ஆய்வுக்கான பயன்பாட்டுக்கும் 17ஆம் பிரிவில் நிபந்தனைகளுடன் விலக்கு உண்டு. எனவே சட்டம் காக்கும் என்று பொதுப்பதிவு இடுவோர் நம்பியிருக்க இயலாது. சட்டம் தடுக்கவில்லை என்பதால் எடுத்தாள்வது அறம் என்று ஆய்வாளரும் கருத இயலாது.

ஆய்வாளருக்கு இங்கே இரட்டைப் பொறுப்பு. களப்பணிக்குச் செல்லும் ஒரு மொழியியல் மாணவரை எண்ணிப் பார்க்கலாம். ஆய்வேட்டில் தகவலாளியின் பெயர் நீக்கப்படும். ஊரின் பெயரும் மாற்றப்படும். அதே நாளில் அவர் இன்ஸ்டகிராமில் இட்ட படத்தில் ஊரின் பெயர்ப்பலகையும், தேநீர் தந்த மூதாட்டியின் முகமும், தேதியும் இருக்கும். ஆய்வேட்டில் உள்ள நேர்காணல் நாளையும் அப்படத்தையும் அருகருகே வைக்க ஒரு நிமிடம் போதும். நில உரிமை பற்றியோ, சாதி மறுத்துத் திருமணம் செய்த மகளைப் பற்றியோ அம்மூதாட்டி நம்பிச் சொன்னது அவருடைய ஊருக்கே திரும்பிச் செல்லும். ஒப்புதல் படிவத்தில் வாக்களித்த மறைவை மீறியது ஆய்வேடு அன்று, ஆய்வாளரின் சொந்தப் பக்கம். தனியுரிமை ஒருவருக்கே உரிய தனிச்சொத்து என்ற எண்ணம் இங்கே உடைகிறது. ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லும்போது உடன் இருந்தவரையும் சேர்த்தே சொல்லிவிடுகிறார்.

மொழியும் ஒரு வேப்பம்பூவே. பெயர் மறைத்த கணக்கிலிருந்து ஒருவர் எழுதும் ‘அங்கிட்டு’ அவர் மதுரைப் பக்கத்தவர் என்று ஊகிக்க இடந்தரும்; ‘அத்திம்பேர்’ என்ற ஓர் உறவுச்சொல் சமூகத்தையும் சுட்டும். ஆய்வுக்கட்டுரையில் ஒரு பதிவைச் சொல் மாறாமல் மேற்கோள் காட்டி, எழுதியவர் பெயரை மட்டும் நீக்கினால் பயனில்லை. அத்தொடரைத் தேடுபொறியில் இட்டால் உரியவரின் பக்கம் திறக்கும். தேவையான இடங்களில் பொருளை மட்டும் எடுத்துரைப்பதோ, உரியவரிடம் ஒப்புதல் கேட்பதோ நேர்மையான வழி.

செய்யக்கூடியவை எளியவை. இணையத்தில் உள்ள தன்விவரக் குறிப்பில் படிப்பும் பணியும் வெளியீடுகளும் நிறுவன மின்னஞ்சலும் இருந்தால் போதும். பிறந்த தேதியும் வீட்டு முகவரியும் கையொப்பமும் கேட்போருக்குத் தனியே அனுப்பத் தக்கவை. களப் படங்களை ஊரைவிட்டு வந்த பின்னர், முகமும் பலகையும் இன்றி, உரியவரின் ஒப்புதலோடு இடலாம். படத்தைக் கோப்பாக அனுப்பும்போது எடுத்த இடமும் நேரமும் அதனுள்ளேயே செல்லக்கூடும் என்பதை நினைவிற் கொள்ளலாம். பட்டியல் வெளியிடும் அலுவலகங்களிடம் விண்ணப்ப எண் மட்டும் போதாதா என்று மாணவர் அமைப்புகள் எழுத்துமூலம் கேட்கலாம். நெறிக்குழுவுக்கு அளிக்கும் படிவத்தில் ஆய்வாளரின் சமூக ஊடகப் பயன்பாட்டுக்கும் ஒரு வரி சேர்க்கலாம்.

இவற்றுள் எதுவும் கல்வியாளர் வாய்மூடி இருக்க வேண்டும் என்று கோருவதில்லை. பெயரோடு பேச வேண்டிய இடங்கள் உண்டு. கருத்தும் எதிர்ப்பும் அங்கே பெயரால்தான் எடை பெறும். அங்கே பேசும் துணிவும், பிறர் நம்பிச் சொன்னதைக் காக்கும் அடக்கமும் ஒரே ஆய்வாளரிடம் இருக்க முடியும். ஒவ்வொரு பதிவுக்கு முன்னும் இதனால் தமக்கு என்ன ஆகும் என்று கேட்பதோடு நில்லாமல், படத்தில் இருக்கும் மற்றவருக்கு என்ன ஆகும் என்றும் கேட்பதே அதற்கான பயிற்சி.